கோழியின் பின்பக்கத்தை ஊதிப் பிழைத்தேன்

போன மாதம் என் பழைய ஆபீஸிலிருந்து ஒரு பெண் போன் செய்தாள். புதிதாக வேலைக்கு வந்திருக்கும் கால்நடை ஆய்வாளர். நான் ரிடையர் ஆகி விட்டுவந்த நாற்காலியில் இப்போது அவள்தான் உட்கார்கிறாள். அந்த நாற்காலி பெரிய அதிகாரி வரும் நாளாகப் பார்த்து ஆளைக் கீழே தள்ளும் என்பதை நான் அவளிடம் சொல்லவில்லை. எல்லாவற்றையும் நானே சொல்லிவிட்டால் அவளுக்கு அனுபவம் எப்படி வரும்?

“மேடம், விருத்தாசலத்துல இப்ப வூட்டுக்கு வூடு நாட்டுக்கோழி வாங்குறாங்க. மொட்டை மாடியிலகூட வளக்குறாங்க. வாங்குன அன்னிக்கே போட்டோ எடுத்து வாட்ஸப்ல அனுப்பி, இதுக்கு எதுனா பூச்சி இருக்குதான்னு கேக்குறாங்க. புதுக் கோழின்னா மொதல்ல எதைப் பாக்கணும் மேடம்?”

“கக்கத்துல இடுக்கிக்கிட்டு, வாலத் தூக்கி, பின்பக்கத்த ஊது” என்றேன்.

அவள் குரல் இறங்கிவிட்டது.

“நான் எதுனா தப்பா கேட்டுட்டனா மேடம்?”

நான் திட்டவில்லை. சர்வீஸ் பூராவும் நான் செய்த வேலையைத்தான் சொன்னேன். அரசாங்கம் எனக்குச் சம்பளம் கொடுத்து, இப்போது பென்ஷனும் கொடுத்துக்கொண்டிருப்பது பெரும்பாலும் கோழியின் பின்பக்கத்தை ஊதியதற்குத்தான். வாட்ஸப்பில் ஊத முடியாது. அதனால் போனை வைத்த கையோடு இதை எழுத உட்கார்ந்துவிட்டேன். அந்தப் பெண்ணுக்கும் உதவும், எனக்கும் பகலில் தூக்கம் வராது.

பயிற்சிக் காலத்தைப் பற்றிச் சொல்ல அதிகமில்லை. வருஷம் முழுக்க மாட்டைப் பற்றிச் சொல்லிக்கொடுத்தார்கள். கோழிக்கு ஒதுக்கியது ஒரு மத்தியானம். அந்த மத்தியானமும் கரண்ட் இல்லை. வாத்தியார் விசிறிக்கொண்டே, “கோழியும் ஒரு பறவை” என்று ஆரம்பித்தார். அதற்கு மேல் அவர் சொன்னது எதுவும் எனக்கு ஞாபகமில்லை. அப்புறம் திட்டக்குடிப் பக்கம் கொஞ்ச காலம், எங்கள் கடலூர் மாவட்டத்து மங்களூர்ப் பக்கம் கொஞ்ச காலம் ஆட்டுக்குப் பின்னால் ஓடிவிட்டு விருத்தாசலம் வந்து சேர்ந்தேன். இங்கேதான் டாக்டர் சவரிராஜிடம் மாட்டினேன்.

சவரிராஜ் சார் கால்நடை மருத்துவர். எனக்கு மேலதிகாரி. ஒல்லியான ஆள், எப்போதும் வெள்ளைச் சட்டை. கோழி மருத்துவம் பார்க்கிறவர் ஏன் தினமும் வெள்ளைச் சட்டை போட வேண்டும் என்று அவர் மனைவி கேட்டு ஓய்ந்துபோனார். அவரிடம் ஒரு விசித்திரம் உண்டு. மனிதர்களை ஒருமையில் பேசுவார். கோழிகளுக்கு மட்டும் மரியாதை. “வாங்கம்மா. இப்படி உக்காருங்க. எத்தினி நாளா சாப்புடல?” என்று பெட்டைக் கோழியிடம் கேட்பார். அதை வளர்க்கிறவர் பதில் சொல்ல வாயைத் திறந்தால், “உன்ன கேட்டனா?” என்பார். சேவல் என்றால் “அண்ணே” என்று கூப்பிடுவார். முதல் நாள் இதைப் பார்த்துவிட்டு, டிரான்ஸ்ஃபர் கேட்கலாமா என்று யோசித்தேன்.

ஆனால் வேலை என்று வந்துவிட்டால் மனுஷன் சாமி. புதுக் கோழி வந்தால் உடனே தொட மாட்டார். கூடையோடு தரையில் வைத்துவிட்டுத் தள்ளி நின்று பார்ப்பார். சும்மா நிற்கிறதா, இறகைச் சிலிர்த்துக்கொண்டு உட்கார்ந்துவிடுகிறதா, விடாமல் அலகால் மார்பையும் வாலடியையும் கோதுகிறதா என்று பார்ப்பார். அதற்குள் டீ வந்துவிடும். டீ குடித்து முடிக்கும்வரை பார்ப்பார். பிறகுதான் கோழியைத் தூக்கி, தலை பின்னால் போகிற மாதிரி கக்கத்தில் இடுக்கிக்கொண்டு, வாலைத் தூக்கி ஊதுவார். ஊதினால் இறகு பிரிந்து தோல் தெரியும். வெளிச்சம் பட்டதும் பேன் இருந்தால் ஓடும், வைக்கோல் நிறத்தில், எறும்பைவிடப் பொடிசாக. இறகின் அடிக்காம்பில் ரவையை ஒட்டவைத்த மாதிரி வெள்ளையாக இருந்தால் அது ஈறு. கறுப்பாக, அழுக்குப் படிந்த மாதிரி இருந்தால் செள் என்கிற பொடிப் பூச்சி. வாலடி முடிந்ததும் இரண்டு இறக்கைக்கும் அடியில், பிறகு கழுத்தில்.

அதற்கப்புறம் கால். செதில் வழவழவென்று படிந்திருக்க வேண்டும். தூக்கிக்கொண்டு, சுண்ணாம்பு பூசின மாதிரி தடித்திருந்தால் செதிலுக்குள்ளே ஒரு பூச்சி குடித்தனம் நடத்துகிறது என்று அர்த்தம். பிய்க்கக் கூடாது. வெதுவெதுப்பான சோப்புத் தண்ணீரில் ஊறவைத்து, பழைய பிரஷ்ஷால் லேசாகத் தேய்த்து, துடைத்து, எண்ணெய் தடவ வேண்டும். சில நாள் விட்டு மறுபடி, மறுபடி. நெஞ்சைத் தடவினால் எலும்பு கத்தி மாதிரி துருத்திக்கொண்டு, கொண்டையும் வெளுத்திருந்தால் வயிற்றில் புழு இருக்கலாம். எச்சத்தில் அரிசி மாதிரி ஏதாவது நெளிகிறதா என்று பார்க்க வேண்டும். குடல்புழு மருந்தை எடை பார்த்து டாக்டர் சொல்லும் அளவில்தான் கொடுக்க வேண்டும். பேன் மருந்தைத் தூவினால் பேன் சாகும், ஈறு சாகாது. ஆகவே பத்து நாள் கழித்து இன்னொரு தடவை தூவ வேண்டும். எத்தனை பேர் அந்த இரண்டாவது தடவைக்கு வந்தார்கள் என்று கேட்காதீர்கள். எனக்குப் பிரஷர் இருக்கிறது.

எல்லாவற்றுக்கும் முதலில், புதுக் கோழியை இரண்டு மூன்று வாரம் பழைய கோழிகளோடு சேர்க்கக் கூடாது. இதைச் சொன்னால் எல்லோரும் தலையை ஆட்டுவார்கள். வீட்டுக்குப் போய்க் கூடையைக் கவிழ்ப்பதே பழைய கோழிகளுக்கு நடுவில்தான்.

ஜங்ஷன் பக்கம் ஒரு ரயில்வே கார்டு இருந்தார். ஆறு கோழி வாங்கினார். பேன் இருக்கிறது என்று சொல்லி, மாட்டு உண்ணிக்கு வைத்திருந்த மருந்தைத் தண்ணீர்கூடக் கலக்காமல் கண் அளவாக ஊற்றித் தேய்த்துவிட்டார். கோழிகள் ஒயின்ஷாப்பிலிருந்து திரும்புகிற மாதிரி தள்ளாடின. “என்னா அளவு ஊத்துன?” என்று டாக்டர் கேட்டார். “ஒரு குத்துமதிப்பாதான் சார்” என்றார் கார்டு. “ரயிலுக்கும் குத்துமதிப்பாதான் பச்சைக்கொடி காட்டுவியா?” என்று டாக்டர் கேட்டதும், வரிசையில் நின்ற ஆட்டுக்காரர்கள் சிரித்த சிரிப்பில் ஆடுகள் மிரண்டுவிட்டன. நாங்கள் சோப்புப் போட்டுக் குளிப்பாட்டி, வெயிலில் உலர்த்தி, பாதிக் கோழிகளைக் காப்பாற்றினோம். மீதிப் பாதியைத் தின்னக்கூடாது என்று கார்டிடம் சத்தியம் வாங்க வேண்டியிருந்தது.

இதெல்லாம் சில்லறைக் கேஸ். நான் சொல்ல வந்தது அஞ்சலையின் கேஸ்.

அஞ்சலை ஊருக்கு வெளியே ஒரு சின்ன பீங்கான் கம்பெனியில் பொம்மைக்குக் கண் எழுதிக்கொண்டிருந்தவள். பிள்ளையார், முருகர், லட்சுமி என்று வெள்ளை வெளேரென்று சூளையிலிருந்து வரும் பொம்மைகளுக்கு ஒற்றை மயிர்ப் பிரஷ்ஷால் கண்மணி வைப்பாள். கம்பெனி மூடிவிட்டது. புருஷன் ஏற்கெனவே திருப்பூரில் பனியன் கம்பெனியில் இருந்தான். நீயும் புள்ளையைக் கூட்டிக்கொண்டு வந்துவிடு என்று தினம் போன். இவளுக்குப் போக இஷ்டமில்லை. பெண் பத்தாவது படிக்கிறாள்; நன்றாகப் படிக்கிறாள். ஒற்றை அறையில் ஆறு பேர் தங்கும் இடத்துக்கு அவளைக் கூட்டிக்கொண்டு போய் என்ன செய்வது? அதனால் மங்களூர்ப் பக்கமிருந்து பத்துப் பெட்டைக் கோழியும் ஒரு சேவலும் வாங்கினாள். முட்டை விற்று, குஞ்சு விற்று இங்கேயே நிற்பேன் என்பது அவள் கணக்கு. இது சரிப்படவில்லையென்றால் திருப்பூர் வந்துவிடுகிறேன் என்று புருஷனுக்கு வாக்குக் கொடுத்திருந்தாள்.

வாங்கின அன்றைக்கே கோழிகளை நேராக எங்களிடம் கொண்டுவந்த ஒரே மனுஷி அவள்தான். என்னையும் டாக்டரம்மா என்றே கூப்பிடுவாள். ஊதிப் பார்த்தோம், பேன் இருந்தது. மருந்து போட்டோம். புழு மருந்து கொடுத்தோம், வெள்ளைக் கழிச்சலுக்குத் தடுப்பூசி போட்டோம். தனியாக வை என்றோம். பாத்ரூமுக்குப் பின்னால் சாக்குப் படுதா கட்டித் தனியாக வைத்தாள். பத்து நாள் கழித்து இரண்டாவது மருந்துக்கும் வந்தாள். சவரிராஜ் சார் அன்றைக்கு அவளை “வாங்க” என்று சொன்னதை என் காதால் கேட்டேன். கோழியைத் தவிர வேறு யாருக்கும் அது கிடைத்ததில்லை.

அந்த அஞ்சலை ஒரு காலையில் ஒயர் கூடையில் ஒரு கோழியோடு ஓடிவந்தாள். கோழி கால் இரண்டையும் பின்னால் நீட்டிக்கொண்டு கிடந்தது. இறக்கை விரிந்து, கழுத்து கூடை விளிம்பில் தொங்கியது.

“மூணு கோழி இப்பிடி வுழுந்து கெடக்குது டாக்டரம்மா. ஒண்ணு ராத்திரியே செத்துப்பூட்டுது. தெருவுல வெள்ளக்கழிச்சல்ன்னு சொல்லுறாங்க. பக்கத்து வூட்டு தண்டபாணி அண்ணன் சண்டச் சேவல் வச்சிருக்குது. அதுக்குப் பரவிடும், இன்னிக்கே எல்லாத்தையும் அறுத்துடுன்னு நிக்குது. எங்க மாமியா மசாலா அரைக்க ஒக்காந்துடுச்சி.”

சொல்லும்போது அவள் அழவில்லை. கூடையின் கைப்பிடியை மட்டும் விடாமல் பிடித்திருந்தாள். எல்லாம் சரியாகச் செய்தவளுக்கு இப்படி ஆனால் நாளைக்கு நாங்கள் யாருக்கு என்ன சொல்வது?

சவரிராஜ் சார் அன்றைக்கு டீயைத் தொடவில்லை. “என்னாம்மா ஆச்சு உங்களுக்கு?” என்று கோழியைத் தூக்கினார். கண் தெளிவாக இருந்தது. மூக்கில் சளி இல்லை. எச்சம் பச்சையாகவும் இல்லை, வெள்ளையாகக் கழியவும் இல்லை. கழுத்து தொங்கியதே தவிர முறுக்கிக்கொள்ளவில்லை. “இது கழிச்சல் இல்ல போலருக்கே” என்றார். ஊதினார், வாலடி சுத்தம். நான் இறக்கையை விரித்தேன். அடியில், இறகு இல்லாத மெல்லிய தோலில், கேழ்வரகு அளவுக்கு நீலமும் கறுப்புமாகக் கொத்துக் கொத்தாக ஒட்டிக்கொண்டிருந்தன. முதலில் ரத்தக்கட்டு என்று நினைத்தேன். இடுக்கியால் ஒன்றைப் பிடித்து இழுத்தேன். மேஜைமேல் வைத்ததும் அது மெதுவாகக் காலை நீட்டியது.

“உண்ணிக் குஞ்சு” என்றார் டாக்டர்.

கோழி உண்ணியைப் பற்றித் தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன். பேன் கோழிமேலேயே குடியிருக்கும். பெரிய உண்ணி அப்படி இல்லை. பகலெல்லாம் கூண்டின் இடுக்கில், சுவர் வெடிப்பில் ஒளிந்திருந்துவிட்டு, கோழி அடைந்த பிறகு வந்து ரத்தம் குடித்துவிட்டுத் திரும்பிப் போய்விடும். அதன் குஞ்சுதான் நாள்கணக்கில் இறக்கைக்கு அடியில் ஒட்டிக்கொண்டு கிடக்கும். நிறைய ஒட்டினால் அதன் எச்சில் விஷத்தில் கோழிக்குக் கால் விழுந்துவிடும். ஆகவே கோழிக்கு என்ன மருந்து போட்டாலும் கூண்டில் இருக்கிற உண்ணியை ஒழிக்காவிட்டால் நோவு போகாது.

“கூண்டு புதுசா, பழசா?” என்று டாக்டர் கேட்டார்.

“புதுசு சார். போன மாசம் நானே கட்டுனேன். கோழியத் தனியா வச்சிருந்த கெடு முடிஞ்சதும் அதுலதான் வுட்டேன்.”

“புதுக் கூண்டுல எப்பிடி வரும்?” என்று டாக்டர் என்னைப் பார்த்தார். எனக்கும் தெரியவில்லை. கோழிகளை நாங்களே இறக்கை விரித்துப் பார்த்தோம். வாங்கும்போது உண்ணி இல்லை. பாத்ரூமுக்குப் பின்னால் இருந்தபோதும் நன்றாகத்தான் இருந்தன. அஞ்சலையை முன்னால் வீட்டுக்கு அனுப்பிவிட்டு, நாங்கள் இரண்டு பேரும் டாக்டரின் ஸ்கூட்டரில் கிளம்பினோம். நான் கூடையை மடியில் வைத்துக்கொண்டு உண்ணியைப் பிடுங்கிக்கொண்டே போனேன். பாலக்கரையில் சிக்னலுக்கு நின்றபோது பக்கத்தில் இருந்த ஆட்டோக்காரர், “பேன் பாக்குறீங்களா மேடம்?” என்று கேட்டார். நான் அடுத்த உண்ணியைப் பிடுங்கினேன்.

தெருவில் கூட்டம். தண்டபாணி கைலியை மடித்துக் கட்டிக்கொண்டு, தன் சேவலைக் குழந்தை மாதிரி இடுப்பில் வைத்துக்கொண்டு நின்றார். உள்ளே மிக்ஸி ஓடிக்கொண்டிருந்தது. அஞ்சலையின் மாமியார் வாசலுக்கு வந்து, “டாக்டரு, அறுத்துத் தின்னா ஒண்ணும் ஆவாதுல்ல?” என்று கேட்டாள்.

“நோவு கண்ட கோழிய யாராச்சும் திம்பாங்களா? மிக்ஸிய நிறுத்து மொதல்ல” என்றார் டாக்டர்.

கூண்டைப் பார்த்தேன். அசந்துபோனேன். சுவர் மூன்றும் பிளாஸ்டர் அச்சுகளை அடுக்கிக் கட்டியது. பீங்கான் பொம்மை செய்கிற அச்சு. உள்ளே குழிவாக உருவம் இருக்கும், அதில் களிமண் கூழை ஊற்றி எடுப்பார்கள். கூண்டுக்குள் குனிந்தால் மூன்று பக்கமும் பிள்ளையார்களும் லட்சுமிகளும் குழிந்த முகத்தோடு பார்த்துக்கொண்டிருந்தார்கள். நடுவில் கோழி அடைய ஒரு கழி. திருப்பதிக் கோழிக்குக்கூட இந்தத் தரிசனம் கிடைக்காது.

“இதெல்லாம் ஏது?” என்றேன்.

அஞ்சலை சொன்னாள். அச்சு தேய்ந்து மூக்கு மழுங்கிவிட்டால் கம்பெனியில் உடைத்துக் குப்பையில் போட்டுவிடுவார்கள். நாய் அச்சு, யானை அச்சு, விளக்கு அச்சு எல்லாம் அப்படித்தான். சாமி அச்சை மட்டும் யாரும் உடைக்க மாட்டார்கள். கை வராது. சூளைக்குப் பின்னால் வேப்பமரத்தடியில் அடுக்கிவிடுவார்கள். வருஷா வருஷம் ஆயுத பூஜைக்குக் குங்குமம் வைப்பதோடு சரி. கம்பெனி மூடியபோது அவள் கேட்டு வாங்கிக்கொண்டு வந்தாள்.

“சாமி காவலு இருக்குமேன்னுதான் டாக்டரம்மா” என்றாள்.

“அந்த அடுக்குமேல எதுனா அடையுமா?” என்று டாக்டர் கேட்டார்.

“வாச்மேனு கோழிங்க அடையும். பல வருஷமா அங்கதான் அடைஞ்சிச்சி. அதெல்லாம் போயி ரொம்ப நாளாச்சே சார். ஒரு வருஷத்துக்கு மேல அங்க கோழியே இல்ல.”

டாக்டர் சட்டைக்கையை மடித்தார். தலையைக் கூண்டுக்குள் விட்டார். அரை ஆள் உள்ளே, அரை ஆள் வெளியே. தெரு மொத்தமும் அரசாங்க டாக்டரின் பின்பக்கத்தைப் பார்த்துக்கொண்டு நின்றது. யாரும் ஊதவில்லை. உள்ளேயிருந்து, “ஹேர்பின் ஒண்ணு குடு” என்று சத்தம் வந்தது. என் கொண்டையிலிருந்து உருவிக் கொடுத்தேன். அது எனக்குத் திரும்பி வரவில்லை, நானும் கேட்கவில்லை.

ஓர் அச்சை உருவி வெளியே எடுத்துவந்தார். பிள்ளையார் அச்சு. என் வெள்ளைத் துண்டைத் தரையில் விரிக்கச் சொன்னார். தும்பிக்கை இருக்க வேண்டிய அந்த நீளமான குழிக்குள் ஹேர்பின்னை விட்டுக் கிண்டி, அச்சைக் கவிழ்த்துத் தட்டினார். தர்பூசணி விதை மாதிரி தட்டையாக, பழுப்பாக, சில ரத்தம் குடித்து உருண்டு, பொலபொலவென்று விழுந்தன. துண்டின்மேல் நாலா பக்கமும் நகர ஆரம்பித்தன. முன்னால் நின்றவர்கள் பின்னால் நின்றவர்களின் காலை மிதித்தார்கள்.

“இந்தச் சனியன் வருஷக்கணக்குல பட்டினி கெடக்கும், சாவாது” என்றார் டாக்டர். “வாச்மேன் கோழி போனப்பறம் இதுங்க உள்ளயே காத்துக்கிட்டு இருந்திருக்குது. அஞ்சல கோழியக் கொண்டாந்து வாயில வச்சிட்டா.”

“அப்ப கோழியால வர்லியா?” என்றார் தண்டபாணி.

“கோழி சுத்தம். வூடுதான் சரியில்ல.”

“சாமிக்குள்ளயேவா?” என்று மாமியார் கன்னத்தில் போட்டுக்கொண்டாள்.

இந்த அச்சுகளைப் பிரித்துத் தூரமாகக் கொண்டுபோய்க் கொளுத்த வேண்டும். மருந்து அடித்தால் அந்தக் குழிக்குள் முழுக்கப் போகாது. டாக்டர் என்னை ஓரமாக இழுத்தார். “நீயே சொல்லு. நான் சவரிராஜ். பிள்ளையாரைக் கொளுத்துன்னு நான் சொன்னா நாளைக்கு என்னைக் கொளுத்துவாங்க” என்றார். நியாயம்தான். நான் சொன்னேன்.

யாரும் நகரவில்லை. சாமி முகத்தில் நெருப்பு வைப்பதா என்று மாமியார் கத்தினாள். ஆற்றில் கரைக்கலாம் என்று ஒருவர் சொன்னார். மணிமுத்தாற்றில் அப்போது தண்ணீர் இல்லை, மணல்தான் இருந்தது. கோழியை அறுத்துவிட்டுச் சாமியை விட்டுவிடலாம் என்று இன்னொருவர். பேச்சு மறுபடி மிக்ஸியைப் பார்த்துப் போவது எனக்குத் தெரிந்தது. எனக்கு ஆத்திரம் வந்தது. விழுந்து கிடக்கிற கோழிகளுக்குக் கண் தெளிவாக இருக்கிறது, பிழைக்கும் என்று தெரிகிறது. சுற்றி நிற்கிறவர்கள் பொட்டலம் கட்டப் பார்க்கிறார்கள்.

அஞ்சலை கூட்டத்தை விலக்கிக்கொண்டு முன்னால் வந்தாள். கீழே கிடந்த பிள்ளையார் அச்சை எடுத்து இரண்டு கையிலும் பிடித்துக்கொண்டாள்.

“இந்த அச்சுல வந்த பிள்ளையாருக்கு எல்லாம் யாரு கண்ணு தெறந்தது? நான்தான தெறந்தேன்? ஊரு ஊரா வூட்டுல வச்சிக் கும்புடுறாங்களே, அத்தினிக்கும் நான்தான கண்ணு வச்சேன்? சூளை நெருப்புல போவாம ஒரு சாமியாச்சும் வெளிய வந்துச்சா? இதுக்குச் சுடும்னு நீங்க யாரும் எனக்குச் சொல்ல வேணாம்.”

உள்ளே போய்க் கற்பூரம் எடுத்துவந்தாள். கும்பிட்டாள். பிறகு ஒவ்வொரு அச்சாக உருவிச் சாக்கில் போட்டாள். தெருக் கோடியில் பொட்டலில் கொட்டி, தென்னை மட்டையும் வைக்கோலும் போட்டு அவளே கொளுத்தினாள். பிளாஸ்டர் வெடித்து மாவாக உதிர்ந்தது. அதைப் பார்த்துக்கொண்டு நின்ற தண்டபாணியின் முகம் ஒரு மாதிரி ஆனது. சேவலின் இறக்கையை மெதுவாகத் தூக்கிப் பார்த்தார். வேகமாக வீட்டுக்குள் போனார். திரும்பி வரும்போது அவர் தலையில் ஒரு முருகர் அச்சு இருந்தது. சேவல் கூண்டுக்கு முட்டுக் கொடுக்க அதே வேப்பமரத்தடியிலிருந்து எடுத்தாராம். அவருக்குப் பின்னால் தெருவில் இன்னும் நாலைந்து பேர் ஆளுக்கொரு லட்சுமியோடு வந்தார்கள். யாரும் யார் முகத்தையும் பார்க்கவில்லை. சவரிராஜ் சார் சிரிப்பை அடக்க வேறு பக்கம் திரும்பி நின்றார். அவர் தோள் குலுங்குவதை நான் பார்த்தேன்.

மீதி வேலை லேசானது. எல்லாக் கோழிக்கும் இறக்கையை விரித்து உண்ணிக் குஞ்சைப் பிடுங்கினோம். டாக்டர் அளவு பார்த்து மருந்து போட்டார். தரை மண்ணைச் சுரண்டி எடுத்துச் சுண்ணாம்பு போட்டோம். கூண்டுக்குப் பதிலாக நாலு காலில் ஒரு கழி மட்டும் கட்டி, ஒவ்வொரு காலையும் ஒரு பீங்கான் கிண்ணத்தில் நிறுத்தி, கிண்ணத்தில் பழைய எண்ணெய் ஊற்றச் சொன்னோம். உண்ணி காலில் ஏறி வந்தாலும் எண்ணெயைத் தாண்டாது. பீங்கானுக்குப் பேர்போன விருத்தாசலத்தில் கிண்ணத்துக்கா பஞ்சம்? பக்கத்து வீடுகளிலிருந்து ஓரம் உடைந்த கிண்ணங்கள் வந்து குவிந்தன.

“எழுந்துக்குமா சார்?” என்று அஞ்சலை கேட்டாள்.

“ரெண்டு மூணு நாளு பாக்கணும். அதுவரைக்கும் வாயில தண்ணி ஊத்து. எல்லாம் எழுந்துக்கும்னு நான் சொல்லமாட்டேன்” என்றார் டாக்டர். அவர் யாருக்கும் பொய்யாக ஆறுதல் சொன்னதில்லை. அன்றைக்கு மட்டும் சொல்லியிருக்கலாம் என்று எனக்கு இருந்தது.

அந்த ஞாயிற்றுக்கிழமை பஸ்ஸில் ஏறிவிடு என்று புருஷன் சொல்லியிருந்தான். கோழி செத்த சேதி அவனுக்குப் போய்விட்டிருந்தது. நான் தினம் ஆபீஸுக்குப் போகிற வழியில் எட்டிப் பார்த்தேன். முதல் நாள் ஒன்றும் இல்லை. சொட்டுச் சொட்டாக ஸ்பூனில் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தாள். மறுநாள் இன்னொரு கோழி செத்துவிட்டது. நான் ஆபீஸில் போய்ச் சொன்னபோது சவரிராஜ் சார், “அவங்களுக்கு ரத்தம் ரொம்பப் போயிருந்திச்சி” என்று மட்டும் சொன்னார். டீ ஆறிப்போய் இருந்தது.

சனிக்கிழமை காலை போனபோது அஞ்சலை முற்றத்தில் உட்கார்ந்திருந்தாள். கூடையில் வந்த அந்தக் கோழி எதிரே கிடந்தது. என்னைப் பார்த்ததும் விரலை உதட்டில் வைத்தாள். கோழி ஒரு காலை வயிற்றுக்கு அடியில் இழுத்தது. பிறகு இன்னொரு காலை. உடம்பைத் தூக்கியது, சாய்ந்தது, இறக்கையை ஊன்றி மறுபடி தூக்கியது. நின்றது. கால் நடுங்க இரண்டு அடி வைத்தது. நேராகத் தவிட்டுத் தட்டுக்குப் போய், நடுவில் ஏறி நின்றுகொண்டு கொத்த ஆரம்பித்தது. அஞ்சலை அப்போதுதான் அழுதாள். நானும்தான் அழுதேன், இதில் மறைக்க என்ன இருக்கிறது?

அழுதுகொண்டிருக்கும்போதே போன் அடித்தது. புருஷன். அவள் கை தவிடாக இருந்ததால் ஸ்பீக்கரில் போட்டுத் தரையில் வைத்தாள்.

“பஸ்ஸுக்குத் துணிமணி எல்லாம் கட்டிட்டியா?” என்றது போன்.

“நான் வர்ல.”

“கோழிதான் செத்துப்பூட்டுதே?”

“ரெண்டு செத்துது. மத்தது நிக்குது.”

“ஏய், கோழிய நம்பியாடி அங்க ஒக்காரப் போற?”

அஞ்சலை மூக்கை முந்தானையால் துடைத்துக்கொண்டாள்.

“உன்ன நம்பி இத்தினி வருஷம் ஒக்காந்தேன். கோழிய நம்பி ஒரு வருஷம் ஒக்காந்து பாக்குறனே.”

அடுப்படியில்தான் முதலில் சிரிப்புக் கேட்டது. அவன் அம்மா.